தாளிக்காத சந்து

எங்கள் சந்தில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டாலும் பாதியில் விழுங்கிக்கொண்டு வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். என் அண்ணன் ஆலை வாசலில் பட்டினி கிடக்கும்போது அவன் தங்கையிடம் போய் அந்தக் கேள்வியை யார் கேட்பது? ஆனால் கேட்காவிட்டாலும், என்னைப் பார்த்தவுடன் எல்லார் கண்ணும் முதலில் என் வாயோரத்துக்குத்தான் போகும். ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, சில நாள். நான் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. பசியோடு உட்கார்ந்தால் பயணிகளைக் கடித்துக் குதறிவிடுவேன். கவுன்ட்டருக்குக் கீழே குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி, ரொட்டியை வாயில் அடைத்துக்கொள்வேன். ஒரு திருடிகூட இவ்வளவு பயந்து மென்றிருக்க மாட்டாள். அண்ணி சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் முறைப்பாள்.

எங்கள் சந்து நேராகத் தகர டப்பா ஆலையின் வாசலில் போய் முட்டும். மதியமானால் காற்று சந்து வழியாக ஆலைப் பக்கம் அடிக்கும். எந்த வீட்டில் என்ன வேகிறது என்று ஆலைக் காவலாளி நாற்காலியைவிட்டு எழாமலே சொல்லிவிடுவான். அதனால் அண்ணனும் அவனோடு ஆலையில் வேலை செய்கிற நெட்டையும் அந்த வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த அன்றே தொழிற்சங்கச் செயலாளர் சந்துக்குள் வந்து எல்லாருக்கும் பொதுவாகக் கைகூப்பினார்.

"சமைங்க, வேணாங்கல. ஆனா வாசனை வர்ற மாதிரி வேணாம். தாளிப்பு வேணாம், வதக்கல் வேணாம், பொரிக்கிறது வேணவே வேணாம். அங்க ரெண்டு உசுரு வெறும் தண்ணியில கிடக்குது. ஜெயிச்ச அன்னிக்கு முதல் தாளிப்பு நம்ம அண்ணி வீட்டு அடுப்புலதான். அந்த வாசனை வந்தாத்தான் நம்ம ஆளுங்க எழுந்திருப்பாங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சு நன்றாக இருந்ததால் நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு சந்து முழுக்க அவித்ததும் ஊறவைத்ததும்தான். எல்லார் வீட்டிலும் சத்தமில்லாமல் தண்ணீர் கொதித்தது. தையல்காரர் வீட்டம்மா மட்டும் ஒரு நாள் தாங்க முடியாமல் தன் அக்கா வீட்டுக்குப் போய் மீன் பொரித்துத் தின்றுவிட்டு, அங்கேயே சோப்பு தேய்த்துக் குளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரித் திரும்பி வந்தாள். சந்துப் பூனை அவள் பின்னாலேயே வீடுவரை நடந்தது. அவள் முகத்தைப் பார்த்து நான் சிரித்ததிலிருந்து அவளுக்கு என்னோடு பேச்சில்லை.

எதற்கு இத்தனை பாடு? ஒரு எலுமிச்சைத் துண்டுக்கு. ஆலை கேன்டீனில் நிரந்தரத் தொழிலாளிகள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் எழுந்த பிறகு, மீந்ததை எல்லாம் வாளியில் சேர்த்து, பின்பக்கக் குழாயடியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஊற்றுவார்கள். பாத்திரத்தில் மீந்தது மட்டும்தான், தட்டில் மீந்தது இல்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன் நெட்டை. டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவன். ஒரு நாள் அவன் தட்டில் கடித்துச் சப்பிய எலுமிச்சைத் துண்டு ஒன்று கிடந்தது. பல் பதிந்திருந்தது.

நெட்டைக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. இரவுச் சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில்தான். அலமாரியில் அவனுக்கென்று ஒரு தட்டு உண்டு. என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னை அக்கா என்பான், என் வாய்க்குப் பயந்து. அந்த எலுமிச்சைத் துண்டைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அண்ணனிடம் காட்டினான். "இது யாரு பல்லுன்னு பாத்துச் சொல்லுண்ணே" என்று சிரித்தான்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் நிரந்தரம், மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

"என் பல்லாக்கூட இருக்கலாம்டா" என்றான். முன்னால் இருந்த சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனான்.

ஒரே பாத்திரம், ஒரே நேரம், ஒரே மேசை. கோரிக்கை அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்து ஒரு சுவரொட்டியில் அடங்கிவிட்டது. நிர்வாகம் மட்டும் அதைப் படிக்கவே இல்லை. ஒரு வாரம் தாண்டியது. அண்ணன் உட்கார்வதை விட்டுப் படுக்க ஆரம்பித்தான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போனால் வீட்டு நினைவு, வீட்டுக்கு வந்தால் பந்தல் நினைவு, பந்தலுக்குப் போனால் அவன் கன்னத்து எலும்பைப் பார்க்க முடியாமல் திரும்பி ஓடிவருவேன். அண்ணி என்னைவிட மோசம். பெருக்கிய வீட்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். அடுப்பைத் துடைத்துத் துடைத்து அதன் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயரே அழிந்துவிட்டது.

ஒரு நாள் காலை, பந்தலுக்கு வந்து பார்க்கிற டாக்டர் அண்ணியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"இவருக்கு ஒரு கிட்னி ஏற்கனவே பேருக்குத்தான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னொண்ணும் இப்போ மக்கர் பண்ணுது. இன்னிக்கே சாப்பிட வைங்க. நாளைக்கு நீங்க விருந்தே வெச்சாலும் பிரயோஜனம் இருக்காது."

அண்ணி செயலாளரிடம் போனாள். பாவம், அவரும் தூங்கிப் பல நாள் ஆன முகம். "நாளைக்குப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவாங்கன்னு தகவல் வந்திருக்கு அண்ணி. ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றார். அந்தத் தகவல் தினமும் வந்துகொண்டிருந்தது. அண்ணி பந்தலுக்குள் போய் அண்ணன் பக்கத்தில் குனிந்தாள்.

"எழுந்து வாங்க வீட்டுக்கு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "நீ போ" என்றான்.

அவ்வளவுதான். அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்; பின்னால் ஓடித்தான் நான் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் அங்குமிங்கும் நடந்தாள். அப்புறம் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். வெங்காயக் கூடையை இழுத்துக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"பார்த்தாத் தெரியலயா வாயாடி? பூண்டை உரி."

"சந்துல என்ன சொல்வாங்க?"

"சொல்லட்டும். கல்யாணமான நாள்லேருந்து பார்க்கறேன். மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு என்னோட பேசாம இருக்கற அன்னிக்குக்கூட, இந்த வாசனை வந்தா உங்கண்ணன் அடுப்படியில வந்து நிப்பாரு. இன்னிக்கும் வரட்டும். என்னைத் திட்டிக்கிட்டே வரட்டும். அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்."

ஜன்னலைச் சாத்தலாம் என்று கை போனது. சாத்தவில்லை. பூண்டை உரித்தேன். சந்தும் சங்கமும் எப்படியோ போகட்டும், எனக்கு என் அண்ணன் உயிரோடு வேண்டும்.

எண்ணெய் காய்ந்து வெங்காயம் விழுந்ததும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அத்தனை நாள் அமைதிக்குப் பிறகு அது எனக்கு ஊரே கேட்கிற மாதிரி இருந்தது. பூண்டும் சேர்ந்து சிவந்தபோது என் வாயில் எச்சில் ஊறியது. அந்த நேரத்திலும். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது. அண்ணி அவன் வயிறு தாங்கவேண்டுமே என்று சோற்றைக் குழைய விட்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுப் பிசைந்து, ஜன்னலோரமாக வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பிறகு தையல்காரர் வீட்டுக் கதவு. நான் திட்டு வாங்கத் தயாரானேன். ஆனால் என்னோடு பேசாத அந்தத் தையல்காரர் வீட்டம்மா முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

"ஜெயிச்சாச்சா! யாரும் சொல்லவே இல்லையேடி எங்களுக்கு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தாளிப்பு அண்ணி வீட்டு அடுப்பில். நாங்களே கைதட்டி ஒத்துக்கொண்டது. அண்ணிக்கு அது மறந்தே போயிருந்தது, எனக்கும்தான். எங்களுக்கு அண்ணன் ஒருவனைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதற்குள் யாரோ விசில் அடித்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"இல்ல, இன்னும் இல்ல, நிறுத்துங்க!" என்று நான் சந்தில் இறங்கிக் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. எதிரே சுவரைப் பிடித்துப் பிடித்துக்கொண்டு நெட்டை வந்துகொண்டிருந்தான். என்னைத் தாண்டி, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வீட்டுக்குள் போனான்.

"முடிஞ்சுதா அண்ணி?" என்றான். மூச்சு வாங்கியது. ஆனால் சிரிப்பு காது வரை இருந்தது. "வாசனை வந்துச்சு. அண்ணனை எழுப்பினேன். ஏதோ சொன்னாரு, காதுல விழல. சரி, பின்னாலயே வருவாருன்னு வந்துட்டேன்."

அலமாரியிலிருந்து தன் தட்டைத் தானே எடுத்தான். தரையில் உட்கார்ந்து தட்டை முன்னால் வைத்துக்கொண்டான்.

அண்ணி கையில் கரண்டி இருந்தது. சட்டியில் விட்டுச் சோற்றை எடுத்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மனதிலும் அதுதான் ஓடியது. இவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போராட்டம் முடிந்தது. யாருக்காக உட்கார்ந்தார்களோ அவனே சாப்பிட்டுவிட்டான் என்றால் அண்ணன் இன்னும் யாருக்காகப் படுத்திருப்பான்? எழுந்து வந்துதான் ஆகவேண்டும். யாரும் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. பேசாமல் பரிமாறினால் போதும்.

கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றது. நெட்டை குழந்தை மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியல நெட்டை" என்றாள் அண்ணி. கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் போட்டாள். "ஒண்ணும் முடியல. நானாத்தான் தாளிச்சேன். உங்கண்ணன் எழுந்து வரட்டும்னு."

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. "நான்ல எழுந்து வந்துட்டேன்" என்றான். எழுந்து தட்டை அலமாரியில் வைத்தான். ஒரு பருக்கை படாத தட்டு.

"தண்ணி மட்டும் குடுங்கக்கா" என்றான் என்னிடம். சொம்பைக் கொடுத்தேன். என் கண்ணில் நீர் முட்டியதில் பாதித் தண்ணீர் அவன் சட்டையில் போனது.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. இன்னும் ஜெயிக்கவில்லை என்ற விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. முன்வரிசையில் ஆலைக் காவலாளி கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நெட்டை வாசலுக்கு வந்ததுமே ஒருவன், "வயிறு நெறைஞ்சுதா ராசா?" என்றான்.

"நான் சாப்பிடல."

"அப்போ உள்ள எதுக்குப் போன, சாமி கும்பிடவா?"

"வாயை ஊதச் சொல்லுங்கடா!"

நெட்டை ஊதினான். அவன் உயரத்துக்கு, கேட்டவன் மூக்குக்கு எட்டுமாறு முதுகை வளைத்துக் குனிந்து ஊதினான். ஒருவன் போதாதென்று இன்னொருவன் வந்தான். அவனுக்கும் குனிந்தான். சட்டையெல்லாம் எங்கள் அடுக்களைப் புகை ஏறியிருந்தது. அவன்மேல் வெங்காய வாசனைதான் வரும், வேறென்ன வரும்? "கமகமன்னு இருக்குது" என்று அவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களைப் பிறாண்டப் பாய்ந்தேன். யாரோ என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணி உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "விலகுங்க" என்றாள். விலகினார்கள். சூடான சட்டியைத் துணிகூடச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு சந்தின் நடுவில் நடந்தாள். நெட்டை பின்னால், நான் அவனுக்குப் பின்னால், எங்களுக்குப் பின்னால் மொத்தச் சந்தும்.

பந்தலில் அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிப் படுத்திருந்தான். அண்ணி சட்டியை அவன் தலைமாட்டில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இது நான் சமைச்சது. என் புருஷனுக்கு ஆசை காட்டி எழுப்பறதுக்காகச் சமைச்சேன். நெட்டை ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு வந்தான். நான் உண்மையச் சொன்னதும் தொடாம எழுந்துட்டான். சட்டி குறையல, வந்து பார்த்துக்குங்க."

அண்ணன் துண்டை விலக்கினான். "வாசனை வந்ததுமே தெரியும், இது உன் வேலைன்னு" என்றான். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. "இவனைப் பிடிச்சு உட்கார வெக்கலாம்னா கையத் தூக்க முடியல."

செயலாளர் அண்ணியின் முழங்கையைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. ஆகவே அவர் அங்கேயே குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். "இதை இப்படிப் பப்ளிக்காச் சொல்லாதீங்க அண்ணி. பொண்டாட்டியே ஆளை எழுப்பப் பார்த்தான்னு நாளைக்கே நிர்வாகம் நோட்டீஸ் அடிக்கும். நெட்டைக்கு முடியல, எழுந்துட்டான்னு விட்டுடுவோம். எப்படியும் இனிமே எவனும் நம்பப் போறதில்ல. உங்க வீட்டுக்காரர் பேராவது நிக்கும். அவன் என்ன, காண்ட்ராக்ட்தானே, நாளைக்கு வேற எங்கயாவது போய்க்குவான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். போராட்டத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நெட்டைகூடத் தலையாட்டினான். "ஆமாண்ணே, அப்படியே சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

அண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்தான். நான் ஓடிப்போய் முதுகைத் தாங்கினேன். சட்டைக்குள் எலும்புதான் இருந்தது.

"கேன்டீன்காரன்கிட்ட நான் சண்டைக்குப் போனப்ப அவனும் இதைத்தான் சொன்னான்" என்றான் செயலாளரைப் பார்த்து. "காண்ட்ராக்ட்தானேன்னு."

செயலாளர் அண்ணியின் பக்கத்திலிருந்து விலகி நின்றார்.

"உட்காருடா" என்றான் அண்ணன் நெட்டையிடம். "உன் இடத்துல உட்காரு." நெட்டை உட்கார்ந்தான். அண்ணன் காவலாளியைத் தேடிக் கைநீட்டினான். "நீ இப்படி முன்னால வாப்பா. நல்லா எடு. முகம் தெரியற மாதிரி எடு."

காவலாளி தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

அண்ணன் சட்டியில் கைவிட்டான். சோறு உதிர்ந்தது, மறுபடியும் எடுத்தான். "உண்ணாவிரதத்தை உடைச்சது நான்" என்றான். "அவன் இல்ல. அவன் இன்னும் உட்கார்ந்திருக்கான்." சோற்றை வாயில் போட்டான்.

கூட்டத்தில் யாரோ "சீ" என்றார்கள். அண்ணனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர், எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாக வருகிறவர், தரையில் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். நெட்டை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "வேணாண்ணே, துப்பிடுண்ணே" என்று அவன் சொல்வது மட்டும் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அதே நேரம், அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, என் அண்ணன் பிழைத்தான் என்று உள்ளுக்குள் மனது குதியாட்டமும் போட்டது. இரண்டும் ஒன்றாக ஒரு மனதுக்குள் இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் சட்டியை அண்ணி பக்கம் தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டான். "போதும். எடுத்துட்டுப் போ. உடைக்கறதுக்கு ஒரு வாய் போதும்."

அண்ணி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். யார் போகிறார்கள், யார் துப்புகிறார்கள், எதையும் அவள் பார்க்கவில்லை. வெந்து சிவந்துபோன உள்ளங்கையால் சட்டியிலிருந்து இன்னொரு உருண்டை எடுத்தாள்.

"உடைக்கப் போதும்" என்றாள். "பொழைக்கப் போதாது. வாயைத் திறங்க."